நாகம்மாவுடன் நயினாதீவுக்கு

நயினாதீவுக்குச் செல்வோருட் பலர் நேர்த்தி தீர்க்கச் செல்வர். மணிமேகலை கூறும் மணிபல்லவம் இதுதானோ என்று பார்த்துவரச் செல்வாரும் சிலர் உளர். கடந்த வைகாசியில் நாம் சென்றது இவ்விரண்டிற்கும் அன்று. சொல்லவேண்டிய செய்தியொன்றை வீட்டிலிருந்து சொல்ல மனம் துணியாமையால், அம்மன் வாசலிலாவது சொல்லிவிடுவோம் என்று எண்ணி, 74 வயதுடைய எமது அன்னையாரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

செய்தி இதுதான். கனடாவில் வாழும் எம் தம்பிக்கு மணமாகி ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளும் வெள்ளிக்கிழமை தவறாது விரதமிருந்த அன்னையார், பெண் பிறந்தால் நாகபூசணி அம்மனின் பெயரையே வைப்பதாக நேர்ந்திருந்தார். தம்பியோ தானும் மனைவியும் விரும்பிய பெயரைப் பதிவு செய்துவிட்டு, "அண்ணை, அம்மாவுக்கு நீங்கள்தான் பக்குவமாய்ச் சொல்லவேணும்" என்று தொலைபேசியிற் கூறிவிட்டான். இரண்டு கிழமையாக அதனை மடியிற் கட்டிய நெருப்புப்போல வைத்துக்கொண்டு திரிந்தோம்.

அன்னையாரின் பெயர் நாகம்மா.

யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்து பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இருபுறமும் ஆழமற்ற கடல். சிறகுவலைக் கம்புகளின்மேல் நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று ஊர்கள் கழிய, அன்னையார் தம் பள்ளிக்கூட நாள்களைப்பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"எங்கட வகுப்பிலை நாலு நாகம்மா. வாத்தியார் கூப்பிட்டால் நாலு பேரும் எழும்புவம். பிறகு பெரிய நாகம்மா, சின்ன நாகம்மா, கிணத்தடி நாகம்மா எண்டு பிரிச்சவர்."

"நீங்கள் எந்த நாகம்மா?"

"நான் வெறும் நாகம்மா."

அக்காலத்தில் நாகலிங்கம், நாகமுத்து, நாகநாதன், நாகரத்தினம் என்ற பெயர்கள் இல்லாத ஊர் தீவகத்தில் மட்டுமன்றிக் குடாநாட்டிலேயே அரிது. இது நேற்று முளைத்த வழக்கமும் அன்று. புறநானூற்றின் இரண்டாம் பாட்டைப் பாடிய புலவர் முரஞ்சியூர் முடிநாகராயர். மருதன் இளநாகனாரும் சங்கப் புலவரே. அநுராதபுரத்து அரசர் வரிசையிலோ இளநாகன், மகல்லநாகன், சிறிநாகன், அபயநாகன் என்று நாகப் பெயர்கள் தொடர்ந்து வருகின்றன. பாக்கு நீரிணையின் இரு கரையிலும், அரண்மனையிலும் புலவர் இல்லத்திலும், ஒரு காலத்தில் விரும்பிச் சூட்டிய பெயர் அது. இரண்டாயிரம் ஆண்டு நின்ற பெயர் எம் கண்முன்னே, ஓர் ஆயுட்காலத்துக்குள், வகுப்பேட்டை விட்டு நீங்கிவிட்டது.

இதனை நாம் மிகைப்படக் கூறவில்லை. நாம் ஆசிரியப் பணியிற் புகுந்தது 2004ஆம் ஆண்டில். அன்று தொட்டு இன்றுவரை நாம் வரவு குறித்த இடாப்புகளில் நாகம்மா என்ற பெயர் ஒன்றேனும் இல்லை. ஆனால் மாணவரின் பெற்றோர் பெயருக்குரிய பத்தியில் நாகேஸ்வரி இருந்தாள், நாகேந்திரனும் இருந்தார். பெயர்கள் ஒரே நாளில் மறைவதில்லை. நாகம்மா முதலில் நாகேஸ்வரி ஆனாள். பரமேஸ்வரி, யோகேஸ்வரி, இராஜேஸ்வரி என்று 'ஈஸ்வரி'கள் பெருகிய காலம் அது. கந்தையரும் சின்னத்தம்பியரும் வேலுப்பிள்ளையரும் தம் மக்களுக்குப் பாலசுப்பிரமணியம், யோகநாதன் என்று நீண்ட பெயர்களை வைத்தனர். அவர்களுடைய மக்கள் வசந்தியும் மாலினியும் ரவீந்திரனும் ஆயினர். போர்க்கால ஆண்டுகளில் தூய தமிழ்ப் பெயர் சூட்டும் ஆர்வம் எழுந்து, கயல்விழியும் தமிழினியும் இளங்கோவும் எம் வகுப்பிற்கு வந்தனர். அதன் பின்னரும் அதனோடு கூடவும் வந்தவைதாம் கஜன், விஜன், சுஜன் என்ற எதுகைப் பெயர்கள். மூன்று சகோதரர் ஒரே கல்லூரியிற் படித்தால் எவன் பிழை செய்தான் என்று கண்டுபிடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும்!

இப்பொழுதைய வகுப்பேட்டிலே 'ட'கரம் ஆட்சி செய்கின்றது. டிலக்சன், டினுசன், டிலக்சிகா என்று வரிசையாக வருகின்றன. டகரம் மொழிக்கு முதலில் வாராது என்று நன்னூல் கற்பிக்கும் அதே மேசையில், அவ்வெழுத்தில் தொடங்கும் ஐந்து பெயர்களை நாள்தோறும் கூப்பிடுகின்றோம். இதற்கு நாகரிகம் மட்டுமே காரணம் அன்று. பஞ்சாங்கமும் ஒரு காரணம். ஒவ்வொரு நட்சத்திரத்தின் நான்கு பாதங்களுக்கும் நான்கு எழுத்துகள் உண்டு. அசுவினிக்குச் சு, சே, சோ, ல என்பன. ஆயிலியத்துக்கு உரியவை டி, டு, டே, டோ. நம் பாட்டனார் காலத்திலும் இவ்வெழுத்துகள் பஞ்சாங்கத்தில் இருந்தன. ஆனால் பெயர் வைப்போர் பாட்டனார் பெயரையோ கோயிற் பெயரையோ வைத்தனர். பெயரன் என்ற சொல்லே பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பேரன் பெயரைத் தாங்குவது நின்றபின்புதான் எழுத்துக்கு இத்தனை மதிப்பு வந்தது என்பது எமது கருத்து.

தம்பியின் மகள் பிறந்த நட்சத்திரம் ஆயிலியம். அவளுக்கு வைத்த பெயர் டிவ்யா. திவ்வியா என்று எழுதினாலும் ஆகாதாம், டிகரமே வேண்டுமாம்.

புங்குடுதீவைக் கடக்கும்போது சாளரத்தின் வழியே கூரையிழந்த கல்வீடுகள் பல தோன்றின. வாயில் தூணிற் பொறித்த வீட்டுப் பெயர்கள் மட்டும் சில இடங்களில் அழியாது நின்றன. குறிகட்டுவான் துறையில் இறங்கி, உயிர்காப்பு அங்கி அணிந்து, படகில் ஏறினோம். கடல் அன்று அமைதியாக இருந்தது. அமைதியான கடலிற் கடினமான செய்தி சொல்வது எளிது என்று யார் சொன்னார்களோ தெரியாது. நமக்கு வாய் எழவில்லை. இறுதியில் அன்னையாரே கேட்டார்.

"தம்பி, அவன் பேர் வைச்சிட்டான் போலை?"

நாம் தலையசைத்தோம்.

"என்ன பேர்?"

சொன்னோம். காரணங்களையும் சொன்னோம். எழுத்தைச் சொன்னோம். அந்நாட்டுப் பள்ளியிலே ஆசிரியர்க்கு நாகபூசணி என்று உச்சரிக்க வராது என்று தம்பி அஞ்சியதையும் சொன்னோம்.

"பாம்பின்ர பேர் எண்டு பிள்ளையளும் சிரிக்குங்களோ?" என்றார் அன்னையார்.

அதற்கு நாம் விடை கூறவில்லை. சிறுவயதில் எம் நண்பர் சிலர் அன்னையாரின் பெயரைச் சொல்லிச் சீறிக் காட்டியதும், நாம் அதற்காகப் பாடசாலைப் படிவமொன்றில் 'நாகேஸ்வரி' என்று எழுதிக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. அதனை அவர் இன்றுவரை அறியார்.

படகு தீவை அணுகியது. கருடனுக்கு அஞ்சிய நாகமொன்று அம்மனுக்குப் பூவுடன் நீந்தி வந்து, வழியிலே கல்லைச் சுற்றிக் கிடந்தது என்று தலவரலாறு கூறும். அவ்வழியே சென்ற வணிகர் ஒருவர் அதனைக் காத்தாராம். போர்த்துக்கேயர் இடித்த கோயிலை 1788இல் மீண்டும் எழுப்பினர் என்பர். முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் ஒன்றும் இக்கோயிலில் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டினது, யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் அரசனுக்குக் காற்பங்கு, உரியவனுக்கு முக்காற்பங்கு என்று விதிப்பது. மாணவரை அழைத்து வந்தால் அதனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம். அன்று அதனைத் திரும்பியும் பாராது சென்றோம்.

கொடியேற்றத்துக்கு இன்னும் நாள் இருந்தமையாற் கூட்டம் இல்லை. அன்னையார் இரண்டு அருச்சனைச் சிட்டை எடுக்கச் சொன்னார். ஒன்று தம்பியின் குடும்பத்துக்கு, மற்றது எமது குடும்பத்துக்கு என்று எண்ணினோம். சந்நிதியில் நின்றபோது ஒன்று மட்டும் எமக்கு நினைவில் ஓடியது. ஆயிலியத்தின் அதிதேவதை நாகமே. அந்நாளிற் பிறந்த குழந்தைக்கு நாகத்தின் பெயர் ஆகாது என்று அதே நட்சத்திரத்தின் எழுத்தைக் கொண்டு தள்ளிவிட்டோம்! அன்னையாரிடம் இதனைச் சொல்லியிருந்தால் தம் பக்கத்துக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். நாம் சொல்லவில்லை. அவருக்கு அது முன்னமே தெரிந்திருக்கவும் கூடும்.

குருக்கள் தட்டை ஏந்தி, "பெயர், நட்சத்திரம்?" என்று கேட்டார்.

அன்னையார் சற்றுத் தயங்கினார். பின்னர், "டிவ்யா. ஆயிலியம்" என்றார். டிகரம் பிழையின்றி வந்தது.

"அடுத்தது?"

"நாகம்மா. சதயம்."

தம் பெயருக்கு அவர் அருச்சனை செய்வித்ததை நாம் அதற்கு முன்னர் கண்டதில்லை. எப்பொழுதும் பிள்ளைகளின் பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர், அவ்வளவே.

அன்னதான மடத்தில் உணவருந்திவிட்டுத் திரும்பினோம். படகிலே எமக்கு எதிரே இளந்தாயொருத்தி கைக்குழந்தையுடன் இருந்தாள். அன்னையார் குழந்தையின் காலைத் தொட்டு, பெயர் என்ன என்று விசாரித்தார். அவள் சொன்ன பெயர் எந்திரத்தின் இரைச்சலில் எமக்குக் கேட்கவில்லை. அன்னையார் நல்ல பெயர் என்றார். பின்னர் மடியிலே திருநீற்றுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, உதட்டுக்குள் எதனையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பியோடை கதைக்கப் போறியளோ, அம்மா?" என்று தொலைபேசியை எடுத்தோம்.

"இப்ப வேண்டாம். அங்கை சாமம். பிள்ளை நித்திரை" என்றார்.