சாக்பீஸ் கோடு

2025 ஜனவரி 11, சனிக்கிழமை

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இருந்துவரும் மோட்டார் பந்தயப் பாதையில், போட்டிக்காக அன்றி, என்னைப் போன்ற அமெச்சூர்கள் தத்தம் காரின் சுபாவத்தை அறிந்துகொள்வதற்கென்று வாய்த்த இன்றைய தினத்தில், ஐந்து சுற்று முடித்து இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், இடப்புற முன் டயரருகே குந்தி, காலையில் அதன் தோளின் குறுக்கே இழுத்திருந்த சாக்பீஸ் கோட்டைத் தேடியதுதான். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தது. பாதை வலஞ்சுழியாகச் செல்வதால் அதிகப் பாரம் சுமப்பது அந்தச் சக்கரமே. இழுப்பதும் திருப்புவதும்கூட முன்சக்கரங்களே. ஸ்டியரிங்கை எவ்வளவு வளைத்தாலும் மூக்கு வெளியோரத்தை நோக்கியே வழுக்குகிறது. குளிர்ந்திருக்கையில் 32 பவுண்டாக இருந்த காற்று, சூட்டில் 39 காட்டிற்று. அத்தனை காற்றிலும் தோள் மடிகிறதென்றால், குறை காற்றில் இல்லை. சக்கரத்தின் சாய்வில் இருக்கிறது.

பிப்ரவரி 8

எர்ல் மாக்பெர்சன் வகுத்தளித்த முன் சஸ்பென்ஷன் அமைப்பு, சிக்கனத்திலும் இடச்சுருக்கத்திலும் சிறந்ததாயினும், வண்டியின் உடல் சாயும்போது சக்கரமும் உடன்சாய்ந்து வெளித்தோளின்மேல் நிற்க இடம்கொடுத்துவிடுகிறது. ஆகையால் முன்சக்கரங்களின் மேல்விளிம்பை ஒன்றரை டிகிரி உட்சாய்த்து, சாய்வு மாறினால், சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவான டோவும் மாறிவிடுமாதலால் அதையும் நேர்செய்துகொண்டு வந்தேன். இன்று கோடு தோளின் விளிம்போடு நின்றது. ஆனாலும் நீண்ட வளைவில் மூக்கின் பிடிவாதம் பாதிதான் தணிந்தது.

"பின்னாடி ஆன்டி-ரோல் பார் போட்டுடலாம் சார்" என்றார் மெக்கானிக்.

"குறை முன்னாடிதானே அண்ணே?"

"முன்னாடி வேணுங்கிறதைப் பின்னாடியிருந்துதான் சார் எடுக்கணும்."

இரவு முழுவதும் அந்த வாக்கியத்தையே சிந்தித்தேன். இருமடங்கு பாரம் ஏற்றினால் டயர் இருமடங்கு பிடிப்பைத் தருவதில்லை. எனவே ஓர் அச்சில், உட்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு எவ்வளவு பாரம் பெயர்கிறதோ, அதற்கேற்ப அவ்விரண்டின் கூட்டுப் பிடிப்பும் குறைகிறது. வளைவில் பெயரும் மொத்தப் பாரமோ வேகத்தாலும் வண்டியின் உயர அகலங்களாலும் நிர்ணயமாவது. அதை ஒழிக்க வழியில்லை, முன்னும் பின்னுமாகப் பங்கிடத்தான் முடியும். ஆன்டி-ரோல் பாரால் பின்புறத்தை விறைப்பாக்கினால், அந்தப் பங்கில் அதிகத்தைப் பின் அச்சு ஏற்றுக்கொண்டு முன் அச்சை விடுவிக்கிறது. 1930களில் மாரிஸ் ஆலி முதலிய பொறியாளர்கள் அரும்பாடுபட்டுத் தெளிந்த விஷயத்தை, இவர் ஸ்பானரைத் துடைத்தபடியே சொல்லிவிட்டார்.

மார்ச் 1

பாரைப் பூட்டியதைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று அறிய முடியாது. மூன்றாம் சுற்றில், எத்தனையோ முறை என்னை வெளியோரத்துக்கு இழுத்துச் சென்ற அதே வளைவில் மூக்கு உள்ளோரத்தை நாடித் திரும்பியபோது எனக்கு உண்டான ஆனந்தம் சொல்லுந்தரமன்று. ஐந்தாம் சுற்றில், முன்னே சென்ற கார் திடீரென்று வேகம் குறைய, நடுவளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பாரம் முன்னே பாய்ந்து, பின்புறம் வெளியே வீசிற்று. பிரேக்கைத் தொடாமல் ஸ்டியரிங்கைச் சறுக்கும் திசையில் திருப்பி, மறுபடி மெல்ல மிதித்ததால் வண்டி நேரானது.

பாரில் இரண்டு துளைகள் உண்டு. பூட்டியிருந்தது விறைப்பு மிகுந்த துளையில். திங்கட்கிழமை இதே காரை என் மகள் கல்லூரிக்கு ஓட்டிச்செல்வாள். ஆகையால் நேரே ஷெட்டுக்குப் போய், மற்றத் துளைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, அவர் இரண்டு போல்ட்டுகளையும் முறுக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.