கடன் சொல்ல முடியாத செலவு

காரின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு நிறுத்தி, முன்னிருந்து பின்வரை நூல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கொத்தனார் சுவர் எழுப்பும்போது பிடிப்பாரே, அதே நைலான் நூல். பட்டறைக்காரர் தரையில் ஒருக்களித்துப் படுத்து, நூலுக்கும் சக்கர விளிம்புக்கும் நடுவே எவர்சில்வர் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பின்விளிம்பில் 112 மில்லிமீட்டர், முன்விளிம்பில் 110.

“ரெண்டு சக்கரமும் துளி வெளிய பாக்கோணுங்க. அப்பத்தான் வளைவுல மூக்கு சட்டுன்னு திரும்பும்” என்றார்.

ஓட்டுநர் சீட்டில் இரண்டு 25 கிலோ அரிசிப் பைகளும் ஒரு சாக்கு இரும்புத் துண்டும் உட்கார்ந்திருந்தன. ஓட்டப்போகிறவர் 68 கிலோ. அவருக்கு அன்று ஆபீஸ். அவர் எடை ஏறினால்தான் ஸ்பிரிங் உட்காரும், அளவு சரியாக வரும் என்பதால் அரிசி அவருக்குப் பதிலாள். திங்கட்கிழமை அந்த அரிசி வீட்டுக்குப் போய்விடும் என்று பட்டறைப் பையன் சொன்னான்.

கோவையில் உக்கடத்திலிருந்து தெற்கே போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே எல்லோரும் பட்டறைக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் எனக்கும் அவர் அண்ணன் ஆகிவிட்டார். வாரநாளில் ஊர்க்கார்களுக்கு கிளட்ச் மாற்றுவது பிழைப்பு. பந்தயக் கார் கட்டுவதைப் பிழைப்பு என்று அவரே சொல்வதில்லை.

நூலுக்கு நடுவே நின்றது ஒரு மாருதி எஸ்டீம். 2007-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் 1300 சிசி என்ஜினும் எடை குறைந்த உடம்பும் சேர்ந்த அந்த வண்டியை நம்மூர்ப் பந்தயக்காரர்கள் லேசில் விடவில்லை. கியர்பாக்ஸ் வேண்டுமென்றால் பழைய சாமான் விற்கும் ஆக்கர் கடை, அங்கே இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. வண்டி வந்ததும் முதல் வேலை உரிப்பது. சீட், கம்பளம், ஏசி, கதவு அட்டை எல்லாம் கழன்றபின், தரையில் சத்தம் அடக்க ஒட்டியிருக்கும் தார் ஷீட்டைச் சூடு காட்டி உளியால் பெயர்க்க வேண்டும். அதற்கே இரண்டு நாள். முழங்கால் இரண்டும் கறுத்துவிடும்.

பிறகு கூண்டு. வண்டி உருண்டால் ஓட்டுகிறவர் தலையைக் காப்பது இதுதான். ஓட்டுநருக்குப் பின்னால் வளைந்து நிற்கும் பெரிய குழாய்க்குச் சர்வதேச விதி கேட்பது 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன், மூட்டில்லாமல் இழுத்த குழாய். தையல் போட்ட சாதாரணக் குழாய் பாதி விலைக்குக் கிடைக்குமே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. மூலையில் கிடந்த ஒரு வெட்டுத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். வளைத்த இடத்தில் தையல் வாயைப் பிளந்திருந்தது.

டீக்கடையில்தான் கட்டணப் பேச்சு வந்தது. அடுத்த சுற்றுக்கு நுழைவுக் கட்டணம் மறுபடி ஏறியிருக்கிறது. மொத்தச் செலவில் அது பெரிய தொகையா என்றேன்.

“அது இல்லீங்க. டயரும் பிரேக் பேடும் டிரெய்லர் வாடகையும் கூட்டுனா கட்டணம் எந்த மூலைக்கு? ஆனா லேத்துக்காரரு அடுத்த மாசம் குடுன்னுவாரு. ஆக்கர் கடைல பாக்கி நிக்கும். எனக்குத் தர வேண்டியதே ஆறு மாசமா நிக்குது. கட்டணத்த மட்டும் முன்னாடியே, முழுசா, ரொக்கமா வெக்கோணும். ரெண்டாவது சுத்துல என்ஜின் போச்சுன்னாலும் போனது போனதுதான்.”

இதை நான் யோசித்ததே இல்லை. கட்டணம் ஏறினால் ஓட்டுகிறவர் எங்கிருந்தோ பணம் புரட்டிக் கட்டிவிடுகிறார். அப்படிப் புரட்டியது அண்ணனுக்குச் சேர வேண்டிய கூலியாகவே பெரும்பாலும் இருக்கிறது.

சனிக்கிழமை விடியலில் போத்தனூர் தாண்டிச் செட்டிபாளையம் போனோம். கரி மோட்டார் ஸ்பீட்வே. சுமார் 2.1 கிலோமீட்டர்ச் சுற்று. உள்ளே நுழையும்போது மயில் அகவிக்கொண்டிருந்தது. 1995-ல் விமான விபத்தில் இறந்த கரிவர்தனின் பெயரைத் தாங்கிய தளம். பந்தயச் செலவைக் குறைப்பது பற்றி யார் பேசினாலும் அவரிடம்தான் தொடங்க வேண்டும். வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்ய வசதியுள்ளவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த காலத்தில், மாருதி 800-ன் என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை வடிவமைத்தவர் அவர். அந்த ஃபார்முலா மாருதியில் பந்தயம் பழகியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர், கோவைக்காரர். உள்ளூர்ப் பட்டறையில் கட்டலாம், உடைந்தால் உள்ளூர்க் கடையிலேயே சாமான் வாங்கலாம் என்பதுதான் அந்த வண்டியின் சூட்சுமம்.

பந்தயத்துக்கு முன் ஸ்க்ரூட்டினி. பரிசோதகர் கூண்டைத் தட்டிப் பார்த்தார், தீயணைப்பான் ஊசியைப் பார்த்தார், கடைசியில் சீட் பெல்ட்டின் லேபிளைத் திருப்பிப் படித்தார். பந்தய பெல்ட்டுக்கு 5 ஆண்டுதான் ஆயுள். கிழியாமல் புதுசு போலிருந்தாலும் தேதி முடிந்தால் செல்லாது. பக்கத்து வண்டிக்காரர் அங்கேதான் மாட்டினார். யாரிடமோ இரவல் பெல்ட் கேட்டு பேடாக் முழுக்க ஓடினார். கொடுத்தவர் அவருடைய போட்டியாளரே.

நடத்துகிறவர்கள் தரப்பையும் கேட்க வேண்டுமல்லவா? ஏற்பாட்டாளர் ஒருவர் என்னை அழைத்துக்கொண்டு போய் வரிசையாகக் காட்டினார்: ஆம்புலன்ஸ், மருத்துவர், நொறுங்கிய வண்டியை வெட்டி ஆளை எடுக்கும் குழு, தீயணைப்பு, ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு மார்ஷல்கள், நேரக்கணிப்பு. “பத்து வண்டி வந்தாலும் முப்பது வந்தாலும் இது அத்தனையும் வேணும் சார்.” கையிலிருந்த தாளின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டார். பேச்சுக்கு, வார இறுதிச் செலவு 6 லட்சம் என்று வையுங்கள். 30 வண்டி வந்தால் தலைக்கு 20,000. அதில் 10 பேர் கட்டுப்படியாகாது என்று நின்றுவிட்டால், மிச்சமிருக்கும் 20 பேர் தலையில் 30,000. அடுத்த முறை அதில் ஐந்து பேர் நிற்பார்கள். ஸ்பான்சர் கிடைத்தால் பள்ளத்தைத் தூர்க்கலாம். ஆனால் வண்டி குறைந்த பந்தயத்துக்கு ஸ்பான்சரும் வருவதில்லை. அவர் சொன்னதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. அண்ணன் சொன்னதிலும் தெரியவில்லை. அதுதான் சிக்கல்.

எங்கள் வகுப்பில் அன்று ஏழே வண்டிகள். இன்னொரு வகுப்போடு சேர்த்து ஒரே ஓட்டமாக விட்டார்கள். வேகமான வண்டிகள் பின்னாலிருந்து வந்து ஒதுக்கித் தள்ள, நம் எஸ்டீம் தன் சண்டையைப் போடவே முடியாமல் நான்காவதாக வந்தது.

மதியச் சாப்பாட்டில் அமெரிக்காவின் லெமன்ஸ் பந்தயத்தைப் பற்றிச் சொன்னேன். 2006-ல் தொடங்கியது. காரின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக்கூடாது. கூண்டு, பெல்ட் போன்ற பாதுகாப்புச் சாமான்கள் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. நண்பர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரே வண்டியை மணிக்கணக்கில் மாறி மாறி ஓட்டுவார்கள், கட்டணத்தையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஓட்டை வண்டிக்கு அங்கே எலுமிச்சை என்று பேர். நாம் புது வண்டிக்கல்லவா எலுமிச்சையை நசுக்குகிறோம் என்று யாரோ சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு வண்டிக்கு நாலு பேர் என்பதிலேயே நின்றுவிட்டார்.

கம்பெனிகள் நடத்தும் ஒரே மாடல் பந்தயங்களில் ஓட்டுகிறவர் ஹெல்மெட்டோடு வந்தால் போதும். வண்டி அவர்களுடையது, மெக்கானிக்கும் அவர்களுடையவர். புதிதாக வருகிறவர்களுக்கு அது சுலபமான வாசல், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாசலில் அண்ணனுக்கு வேலை இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு எஸ்டீம் வைத்துக்கொண்டால் அவருக்கு வேலை உண்டு. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி ஏற்பாட்டாளர்களோடு மல்லுக்கட்டுவதைவிட, கட்டுகிற கையை அதிகமாக்குவது நடக்கிற காரியம் என்றே எனக்கும் படுகிறது. விதிப்புத்தகம்தான் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும்.

ஞாயிறு ஓட்டத்துக்கு அளவை மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. நடுவில் யாரோ சக்கரத்தை உரசியிருந்தார்கள். அரிசிப் பைகள் திரும்ப சீட்டில் ஏறின. வேலி ஓரமாகக் காலையிலிருந்து நின்ற இரண்டு கல்லூரிப் பையன்கள் மெல்ல நகர்ந்து பிட் வாசல்வரை வந்துவிட்டிருந்தார்கள். ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அண்ணா, இதுல ஓட்டறதுக்கு எவ்வளவு ஆகும்?”

அண்ணன் காருக்கடியிலிருந்து தலையை நீட்டி அவனையும் அவன் நண்பனையும் பார்த்தார்.

“மொத்தம் எத்தன பேரு இருக்கறீங்க?”

“நாலு பேருங்ணா. ரெண்டு பேர் வரலை.”

“செரி, அப்பறம் பேசலாம். இப்ப அந்தப் பக்கம் நூலப் புடி. தொய்வு இல்லாம.”