சாகாமக் குளக்கட்டில் வந்த அழைப்பு

கல்முனையிலிருந்து தெற்கே போனால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அக்கரைப்பற்றுக் கடைத்தெருவைத் தாண்டி உள்ளே திரும்பினால் சந்தடி குறைந்து வயல் வட்டைகள் விரியும். அந்தப் பாதையில்தான் சாகாமம் இருக்கிறது. அங்குள்ள குளத்தை நம்பியே வேளாண்மை.

அன்று சாகாமத்து மாதர் சங்கத்துக்காக அக்கரைப்பற்றில் இரண்டு தையல் மெஷின்கள் எடுத்தேன். முதலாவதற்கு என் வங்கி அட்டை வேலை செய்தது. இரண்டாவதற்கு மறுத்துவிட்டது. கணக்கில் பணம் இருந்தது. ஆனாலும் கடையில் நின்றவர்கள் பார்த்த பார்வையில் கூனிக் குறுகிப் போனேன். ஒரு மெஷினோடுதான் ஓட்டோவில் ஏறினேன்.

குளக்கட்டடியில் பெண்களோடு கதைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"வங்கியிலிருந்து கதைக்கிறோம். அக்கரைப்பற்றில் இப்போது அட்டையைப் பாவித்தது நீங்களா?"

பக்கத்திலிருந்த பெரியம்மா பதறிவிட்டார். "போனை வை பிள்ளை, கள்ளனாத்தான் இருப்பான்!"

அவர் பயம் வீணானதல்ல. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் மகள் அனுப்பிய பணத்தை, இப்படியொரு அழைப்பை நம்பி இழந்தவர் அவர். தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கங்களை வாய்விட்டுச் சொன்னதுதான் அவர் செய்த பிழை.

நான் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த இலக்கத்துக்கு நானே எடுத்தேன். முதலில் அழைத்ததும் வங்கிதான். வழமையாகக் கல்முனையில் சிறு தொகைக்குப் பாவிக்கும் அட்டை, வேறு ஊரில் சில நிமிட இடைவெளியில் இரண்டு பெருந்தொகைகளுக்குப் போனதால் கணினி சந்தேகப்பட்டு நிறுத்தியிருக்கிறது. விபரம் சொன்னதும் தடையை நீக்கினார்கள்.

"அப்ப கள்ளனும் இப்படித்தானே கதைச்சான். எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார் பெரியம்மா.

சகோதரிகளே, வித்தியாசம் கேள்வியில் இருக்கிறது. வங்கி, "வாங்கியது நீங்களா?" என்று கேட்கும். கள்ளன் இரகசிய இலக்கத்தைக் கேட்பான். அதை எந்த வங்கி ஊழியருக்கும் சொல்லத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் துண்டித்துவிட்டு, அட்டையிலுள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள். வங்கி உங்கள் முறைப்பாட்டைத் தீர்க்காவிட்டால், இதற்கென 2020இல் மத்திய வங்கி ஆரம்பித்த திணைக்களம் இருக்கிறது. அதன் இலக்கம் 1935.

நான் புறப்படும்போது பெரியம்மா தன் அட்டையை எடுத்து வந்தார். அதிலிருந்த இலக்கத்தைச் சுவர்க் கலண்டரில் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது மெஷின் அடுத்த வாரம் சாகாமம் போய்ச் சேர்ந்தது.