உம்மாவின் பக்கத்து ஸ்பீக்கர்



போன லீவில் எங்கள் முற்றத்தில் கார்க் கதவின் உள் பெனல்கள் கழன்று கிடந்ததைக் கண்ட இரண்டு மூன்று பேர், "ஸ்பீக்கர் மாற்றுவது எப்படி, ஒருக்கா எழுதுங்களேன் சேர்" என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறோம். ஏன் மாற்ற வேண்டி வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

உம்மாவுக்கு மாதம் ஒருமுறை மட்டக்களப்பில் கிளினிக். அக்கரைப்பற்றிலிருந்து போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். முன் இடப்பக்க சீற்றில் உம்மா இருப்பா. கார் கிளம்பியதும் பென் டிரைவில் ஒரு பயான் போட்டுவிடுவோம். கல்முனை தாண்டும் வரைக்கும் அதைக் கேட்டு, இடையிடையே தன் கருத்தையும் சொல்லிக்கொண்டு வருவா.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நாள் சொன்னா: "வாய்க்குள்ள சீலய அடச்சிக்கிட்டுப் பேசுற மாதிரிக் கிடக்கு மகன்." நாங்கள் சத்தத்தைக் கூட்டினோம். "சத்தத்தக் கூட்டாத, பேச்சத் தெளிவாக்கு" என்றா. நாங்கள் சிரித்தோம். வயது போகிறது, காது மங்குகிறது என்று எங்களுக்குள்ளேயே முடிவெடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வீட்டிலும் உம்மாவிடம் உரத்துக் கதைக்கத் தொடங்கினோம். பிறகு நீளமான விஷயங்களைச் சுருக்கிச் சொன்னோம். கடைசியில் சில விஷயங்களைச் சொல்லாமலே விட்டோம். காரில் உம்மா எதுவும் கேட்பதில்லை. சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவா. காது வைத்தியரிடமும் காட்டினோம். பரிசோதித்துவிட்டு, "வயதுக்கேற்ற மாதிரி இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. முகத்தைப் பார்த்து ஆறுதலாகக் கதையுங்கள்" என்றார். நாங்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

ஒரு நாள் தம்பி காரை ஓட்டினான். உம்மா வரவில்லை. அவ இருக்கிற சீற்றில் நாங்கள் இருந்தோம். அதே பயான்தான். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ரேடியோவில் பெலன்ஸை முழுக்க இடப்பக்கம் திருப்பச் சொன்னோம். கரகரவென்று ஒரு முனகல் மட்டும்தான் வந்தது. வலப்பக்கம் திருப்பினால் எல்லாம் தெளிவு. இத்தனை நாளும் ஓட்டுபவரின் பக்கம் இருந்து கேட்டுவிட்டு உம்மாவின் காதைக் குறை சொல்லியிருக்கிறோம்.

அந்த லீவிலேயே கதவைத் திறந்தோம். கைபிடிக்குப் பின்னாலும் ஆம்ரெஸ்ட் குழிக்குள்ளும் ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும். அவற்றைக் கழற்றி, கீழிருந்து மெதுவாக இழுத்தால் கிளிப்புகள் விடும். கண்ணாடி சுவிட்சின் பிளக்கைக் கழற்ற மறக்க வேண்டாம். உள்ளே இருந்த ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியிருந்த பஞ்சு வளையம், விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. வெயிலும் ஈரமும் வருடக்கணக்கில் அந்தப் பஞ்சைத் தின்றுவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. எங்கள் கதவுக்கு 6.5 அங்குலம். உங்களுடையதை அளந்து பாருங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, காந்தம் அதில் முட்டாத அளவுக்கு ஆழம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடையில் பெட்டியின் மேல் 300 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதைக் காட்டினார்கள். அந்த எண்ணால் பெரிய பயனில்லை. சாதாரண கார் ரேடியோ ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கொடுப்பது 15 முதல் 20 வாட் வரைதான். பார்க்க வேண்டியது 4 ஓம் தானா என்பதும் சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபல் என்பதும். அது 3 டெசிபல் கூடினால், ரேடியோவின் சக்தியை இரண்டு மடங்காக்கியதற்குச் சமன்.

பொருத்தும்போது, பழைய துளைகளுக்குப் புதியது சரிவரவில்லை. சமையலறையில் ஒதுக்கிப்போட்ட பிளாஸ்டிக் வெட்டும் பலகையில் தம்பி இரண்டு வளையம் அறுத்தான். கதவுக்குள் மழைத் தண்ணீர் ஓடும் என்பதால் மரப்பலகை ஊதிவிடும். பிளாஸ்டிக்குக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வளையத்துக்கும் தகரத்துக்கும் இடையில் பஞ்சுப் பட்டி ஒட்டினோம். ஸ்பீக்கரின் முன்னால் வரும் ஒலியும் பின்னால் போகும் ஒலியும் ஒன்றோடொன்று கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் கதவின் உள் தகரத்தில் இருந்த பெரிய ஓட்டைகளையும் மூடினோம். வெளித் தகரத்தின் உட்புறம், தட்டினால் டங் என்று கேட்கும் இடத்தில் மட்டும் பியூட்டைல் ஷீட் ஒட்டினோம். முழுக்க ஒட்டத் தேவையில்லை. கூரைக்கு ஒட்டும் தார் ஷீட் வேண்டாம், வெயிலுக்கு மணக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், கதவு கறள் பிடித்துவிடும்.

எல்லாம் பூட்டிப் போட்டுப் பார்த்தால், சத்தம் முன்னரை விட மெலிந்திருந்தது! பேஸ் இல்லை. குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. காசு வீண் என்று நினைத்தோம். பார்த்தால், இடப்பக்க வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்திருக்கிறோம். ஒரு ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது. 1.5 வோல்ட் டோர்ச் பெட்டரி ஒன்றை ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டால் போதும். கூம்பு வெளியே வந்தால், பெட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். வயரை மாற்றியதும் குரல் டேஷ்போர்டுக்கு நடுவே வந்து நின்றது.

சின்ன ட்வீட்டர்களைக் கண்ணாடி மூலையில் பூட்டினோம். கதவில் இருக்கும் ஸ்பீக்கர் முழங்காலைப் பார்த்துத்தான் பேசும். "ஸ", "ஷ", "த" போன்ற மெல்லிய ஓசைகள் நேராகத்தான் போகும், வளைந்து காதுக்கு வராது. வயதானவர்களுக்கு முதலில் மங்குவதும் அந்த ஓசைகள்தான். கடைசியாக ரேடியோவில் லவுட்னெஸை நிறுத்தி, பேஸைப் பூச்சியத்தில் வைத்தோம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது உம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நிந்தவூர் வரைக்கும் பேசாமல் வந்தா. காரைதீவு தாண்டியதும், "இந்த மௌலவி போன மாசமும் இதத்தானே சொன்னாரு, அப்ப ஏன் எனக்கு வெளங்கல்ல?" என்றா. என்ன பதில் சொல்வது? ஸ்பீக்கர் பழுதாகிக் கிடந்தது என்றோம். "நான் அப்பவே சொன்னேனே" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

லீவு முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் நாள், இடைவேளையில் எங்கள் வகுப்பின் கடைசி வாங்கில் போய் இருந்து பார்த்தோம். கலாசாலையில் கற்பித்தல் பயிற்சியின்போது விரிவுரையாளர்கள் எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள், பின்னால் போய் நின்று பாருங்கள் என்று. அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வகுப்பு, தலைக்கு மேலே மின்விசிறி. முன்னால் ஒரு பிள்ளையைக் கரும்பலகையைப் பார்த்தபடி வாசிக்கச் சொன்னோம். பாதிதான் கேட்டது. நாங்களும் எழுதிக்கொண்டே அப்படித்தான் கதைக்கிறோம்.

அந்த வாங்கில் இருக்கும் பிள்ளைக்குப் போன தவணை அறிக்கையில் "கவனம் போதாது" என்று எழுதியது எங்கள் கைதான். இப்போது அந்தப் பிள்ளையை முன்னால் இருத்தியிருக்கிறோம். இந்தத் தவணை அறிக்கையில் என்ன எழுதுவோம் என்று இன்னும் தெரியாது. அந்தப் பிள்ளையின் உம்மா வாப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இருக்கிறது.

உங்கள் காரிலும் இன்று ஒருமுறை பெலன்ஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஓட்டுபவரின் சீற்றில் இருந்தல்ல, வீட்டில் மூத்தவர்கள் இருக்கும் சீற்றில் இருந்து. ஸ்பீக்கர் பற்றி மேலும் கேட்க இருந்தால் கீழே கேளுங்கள், தம்பியிடம் கேட்டுச் சொல்கிறோம்.

உம்மாவின் சுகத்துக்காக துஆச் செய்யுங்கள்.