"வயசு போனா அப்படித்தான்" என்று விட்டுவிடலாமா?



உம்மும்மா பேரப்பிள்ளையின் பேரை மறந்தால், "வயசு போனா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் மறதி நோய் ஒன்றல்ல, பல வகை. 2003இல் வெளியான ராகம ஆய்வில் 65 வயதைக் கடந்த 703 பேரில் 28 பேருக்கு மறதி நோய் இருந்தது. அதில் 20 பேருக்கு அல்சைமர். 4 பேருக்கு மூளை இரத்தக் குழாய்ப் பாதிப்பு.

எது என்று பிரித்தறிய இப்போது இரத்தப் பரிசோதனையும் உதவுகிறது. அல்சைமர் என்றால் பி-டவ் 217 என்ற புரதம் இரத்தத்தில் கூடும். மற்ற வகைகளில் பெரும்பாலும் அப்படிக் கூடாது. இதை அளக்கும் பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்கா 2025 மே மாதம் அனுமதி கொடுத்தது.

மாத்தளையில் இருக்கும் நாங்கள் அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தைரொயிட் குறைந்தாலும், விட்டமின் பி12 குறைந்தாலும் மறதி வரும். அவற்றைச் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்து மருந்து எடுக்கலாம். பிரஷரையும் சீனி வருத்தத்தையும் கட்டுப்பாட்டில் வைத்தால் மூளையின் இரத்தக் குழாய்களுக்கும் பாதுகாப்பு.

ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்டாலும் ஏசாமல், கிளினிக்குக் கூட்டிப் போவோம். எங்களை வளர்த்தவர்களுக்கு அது நாங்கள் செய்ய வேண்டிய கடமை.