கிழிக்கும் சொல்லும் கசக்கும் சிரிப்பும்

"நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும்" என்று எங்கள் பாட்டிமார் சொல்வதுண்டு. திருவள்ளுவர் அடக்கமுடைமை என்னும் அதிகாரத்தில் நாவினால் வரும் காயத்தைத் தீக்காயத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார். புனித யாக்கோபு தம் திருமுகத்தில் நாவை ஒரு சிறு நெருப்புக்கு ஒப்பிட்டு, அது ஒரு பெருங்காட்டையே எரித்துவிடும் என்று எச்சரித்தார். வேறு வேறு நாட்டில் வாழ்ந்த இருவரும் நெருப்பையே உவமையாக எடுத்துக்கொண்டது வியப்பன்றோ! சுடுசொல்லின் கொடுமை எல்லா நாட்டினரும் அறிந்த ஒன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் எல்லாச் சுடுசொல்லும் ஒரே நெருப்பில் பிறந்தவை அல்ல. இதை எங்களுக்கு உணர்த்தியவை இரண்டு ஆங்கிலச் சொற்கள். ஒன்று 'சார்காஸ்டிக்'. மற்றொன்று 'சார்டானிக்'. ஒலியில் அக்காள் தங்கை போல இருக்கும் இவ்விரண்டையும் சிறு அகராதிகள் 'ஏளனமான', 'கிண்டலான' என்று ஒரே பொருளில் அடைத்துவிடுகின்றன. நாங்களும் தேர்வுக்காக அப்படித்தான் மனப்பாடம் செய்தோம். பெரிய அகராதிகளைப் புரட்டிய பிறகே இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல என்று கண்டோம்.

'சார்காஸம்' என்னும் சொல் பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தது. அதன் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. 'சார்க்ஸ்' என்றால் சதை. அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லுக்கு நாய் போலச் சதையைக் கடித்துக் கிழித்தல் என்பது பொருள். அருங்காட்சியகங்களில் வைத்திருக்கும் கற்சவப்பெட்டிக்கு 'சார்க்கோஃபகஸ்' என்று பெயர். அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான். 'சதையைத் தின்பது' என்பது அதன் பொருள். எங்கள் பகுதியினருக்கு இதைப் புரியவைக்கக் கருக்கரிவாள் ஒன்றே போதும். கத்தி ஒரே வீச்சில் வெட்டும். கருக்கரிவாளுக்கோ பல் உண்டு. பற்றி இழுத்து அறுக்கும். அறுவடைக்கு இன்று இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் புல் அறுக்கையில் அரிவாளில் கை அறுபட்டவர்களுக்கு அந்தக் காயத்தின் எரிச்சல் தெரியும்.

'சார்டானிக்' என்பதன் கதை வேறு. ஹோமரின் ஒடிசி காவியத்தில், இருபதாம் பகுதியில் ஒரு காட்சி வருகிறது. இருபது ஆண்டுகள் கழித்துத் தன் சொந்த வீட்டுக்குப் பிச்சைக்காரன் வேடத்தில் திரும்பி வந்திருக்கிறான் ஒடிசியஸ். அவன் சொத்தைத் தின்று கொழுத்த ஒருவன் மாட்டின் காலொன்றை எடுத்து அவன்மேல் வீசுகிறான். தலையைச் சற்றே சாய்த்துத் தப்பிய ஒடிசியஸ் பதில் ஒன்றும் பேசவில்லை. உள்ளுக்குள் கசப்பாக ஒரு சிரிப்புச் சிரித்தான் என்கிறார் கவிஞர். அந்தச் சிரிப்புக்கு அவர் சொன்ன அடைமொழியைப் பிற்காலத்தார் மத்தியதரைக் கடலிலுள்ள சார்டினியாத் தீவோடு இணைத்துவிட்டனர். அத்தீவில் ஒரு நச்சுச் செடி உண்டு என்றும், அதை உண்டவர் முகம் கோணி, சிரிப்பது போன்ற தோற்றத்தோடு இறப்பர் என்றும் பழைய ஆசிரியர்கள் எழுதினர். 2009-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர்கள் அது நீரோரத்தில் வளரும் ஒரு செடியாக இருக்கலாம் என்று கூறினர். நம் கொத்தமல்லி, கேரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததாம் அது!

மருத்துவ நூல்களிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. ரணஜன்னி என்னும் டெட்டனஸ் நோய் கண்டவருக்கு முகத்தசைகள் இறுகி, வாய் இருபுறமும் இழுத்துக்கொள்ளும். பார்ப்பவருக்குச் சிரிப்பது போலத் தோன்றும். அதற்கு 'சார்டானிக் சிரிப்பு' என்று பெயர். சேற்றிலும் சாணத்திலும் வேலை செய்யும் நம் ஊர்களில், காலில் முள் தைத்தாலும் உடனே தடுப்பூசிக்கு ஓடுவது இந்நோய்க்கு அஞ்சித்தானே!

ஆகவே வேறுபாடு விளங்கிவிட்டது. சார்காஸம் என்பது எதிரே இருப்பவரின் சதையைக் கிழிப்பது. சார்டானிக் என்பது தனக்குள் ஏறிய நஞ்சால் தன் முகமே கோணுவது. முன்னதில் காயம் கேட்பவருக்கு. பின்னதில் காயம் பேசுபவருக்கு முன்னமே பட்டிருக்கிறது.

இவ்வளவு தூரம் நாங்கள் அகராதியைத் தேடி அலைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வேறோர் ஊரில் நடந்த ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு எங்கள் வகுப்பிலிருந்து சிலர் சென்றிருந்தோம். எங்கள் தோழி ஒருத்தி நன்றாகவே பேசிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டில் முதன்முதலாக ஆங்கிலம் படிப்பவள் அவள்தான். இடையில் 'டிடர்மின்' என்று ஒலிக்க வேண்டிய சொல்லை, எழுத்தைப் பார்த்துப் படித்த பழக்கத்தால் 'டிடர்மைன்' என்று சொல்லிவிட்டாள். நடுவராக அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். "அம்மா, தாங்கள் நேரே ஆக்ஸ்போர்டிலிருந்து வருகிறீர்களோ?" என்றார். மண்டபம் முழுதும் சிரித்தது. அவள் மீதிப் பேச்சைச் சொல்லவே இல்லை. மேடையை விட்டு இறங்கிவிட்டாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் அழவில்லை. அதுதான் எங்களுக்கு அச்சமாக இருந்தது. சன்னல் வழியே நடவு வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள், "நாத்துப் பறிக்க ஆள் கெடைக்கலேன்னு அம்மா சொல்லிச்சு. நாளையிலேருந்து போயிடலாம். நாத்துக்கு நம்ம இங்கிலீஷ் புரியும்" என்று சொல்லிச் சிரித்தாள். எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதன்பிறகு பல வாரங்கள் அவள் வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான்.

எங்களோடு வந்திருந்த ஆங்கில ஆசிரியையான சிஸ்டர் ஆறுதல் மொழி எதுவும் சொல்லவில்லை. மறுநாள் வகுப்பில், "மண்டபத்தில் அந்தப் பெரியவர் சொன்னதற்கு ஒரு பெயர் உண்டு. பேருந்தில் உங்கள் தோழி சொன்னதற்கு வேறொரு பெயர் உண்டு. எல்லாரும் சேர்ந்து கண்டுபிடித்து வாருங்கள் பார்க்கலாம்" என்றார்கள். தேடும் குழுவில் அந்தத் தோழியையும் சேர்த்தார்கள். ஒரே நாளில் அவ்விரு சொற்களையும் நாங்கள் காதால் கேட்டிருந்தோம் என்பது தேடிய பின்புதான் புரிந்தது.

அந்தப் பெரியவரின் சொல்லை இன்னும் கூர்ந்து நோக்கினோம். அவர் திட்டவில்லை. 'அம்மா' என்றார், 'தாங்கள்' என்றார். நம் தமிழில் சதை கிழிக்கும் சொல் பெரும்பாலும் மரியாதை உடுத்தித்தான் வரும். காலையில் தாமதமாக எழுந்தவளிடம், "வாங்க கலெக்டரம்மா, இப்பத்தான் விடிஞ்சுதா?" என்பார்கள். 'நீ' என்று திட்டினால் வருத்தம். இருக்க வேண்டிய அளவுக்குமேல் மரியாதை ஏறினால் அதுவே கருக்கு. ஆங்கிலத்தில் குரலின் ஏற்ற இறக்கத்தால் செய்வதை நாம் 'ங்க' என்னும் விகுதியாலேயே செய்துவிடுகிறோம்!

இத்தகைய பேச்சை நம் முன்னோர் அன்றே வகைப்படுத்தி வைத்தனர். தொல்காப்பியர் வசையை 'அங்கதம்' என்றார். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழிப்பை மறைத்து வைத்துப் பேசுவது பழிகரப்பு அங்கதம். இரண்டாவது வகைக்கு ஆசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு புறநானூற்றிலேயே இருக்கிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஒளவையாரை அம்மன்னன் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று காட்டினான். நெய் பூசி மாலை சூட்டிய அவனுடைய வேல்களின் அழகைப் புகழ்ந்த ஒளவையார், அதியமானுடைய வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்ந்தது போல் பழித்து, பழித்தது போல் புகழ்ந்த சொல் அது. எதிரே நின்றவன் படைபலம் கொண்ட அரசன் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வலியவனை நோக்கி எளியவர் எய்த அம்பு அது.

நம் சோழநாட்டுக் காளமேகப் புலவரும் இதில் வல்லவர். நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் பசியோடு காத்திருந்து, சோறு வரத் தாமதமானதை அவர் பாடிய கதை எல்லாரும் அறிந்ததே. அதே பாட்டைச் சற்றே பிரித்துச் சத்திரத்தை வாழ்த்தியதாகவும் பொருள் சொல்வர். காயப்படுத்திய சொல்லே மருந்தாகவும் மாறக்கூடும் என்பதற்கு இது ஓர் இனிய எடுத்துக்காட்டு.

கசந்த சிரிப்புக்கோ நாங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. திருவாரூரிலேயே இருக்கிறது. இரு கண்ணும் இழந்த சுந்தரர், காஞ்சியில் ஒரு கண் பெற்று, மற்றொன்றுக்காக இவ்வூர் இறைவன் முன் வந்து நின்று பதினொரு பாடல் பாடினார். நாங்கள் இப்படித் துன்பப்பட, நீர் மட்டும் நலமாக இரும் என்னும் பொருள்படப் பாடல்தோறும் முடித்தார். வாழ்த்துப் போன்ற சொல். உள்ளேயோ தாங்க முடியாத வலி. அன்பு முறிந்தவன் அப்படிப் பாட மாட்டான். உரிமை உள்ளவனே பாடுவான். மற்றைக் கண்ணும் இங்கே கிடைத்தது என்று பெரியபுராணம் கூறுகிறது.

நம் உழவர் பேச்சிலும் இச்சிரிப்பு உண்டு. 2018 நவம்பர் 16 அன்று விடியற்காலை கஜா புயல் அடித்து ஓய்ந்தது. முத்துப்பேட்டைப் பக்கம் வாழும் எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா, விழுந்து கிடந்த தன் தென்னைகளின் நடுவே நின்று, "இனிமே காய் பறிக்க ஆள் தேட வேண்டாம் பாரு, மரமே எறங்கி வந்துடுச்சு" என்றாராம். அதைக் கேட்டுச் சிரிப்பவர் அவரை அறியாதவர்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கிழிக்கும் சொல்லைத் தடுக்க வேண்டும். கசந்த சிரிப்பைத் தடுப்பது தகாது. அதைக் கேட்க வேண்டும். "ஏன் இப்படி எடக்காகப் பேசுகிறாய்?" என்று அவர்களையும் கடிந்துகொள்வது, ரணஜன்னி கண்டவரைப் பார்த்து ஏன் சிரிக்கிறாய் என்று கேட்பது போன்றது. காயம் எங்கே என்று பார்ப்பதே முறை.

நம் ஆண்டவரும் கிழிக்கும் சொல்லுக்கு இரையானவரே. வீரர்கள் அவருக்குச் செந்நிற மேலாடை உடுத்தி, முள்முடி சூட்டி, கையில் கோல் கொடுத்து, அரசர் என்று வாழ்த்தி மண்டியிட்டனர். மரியாதையே ஆயுதமான கொடுமை! சிலுவையின் மேல் மூன்று மொழிகளில் எழுதி வைத்த அதே பட்டத்தை இன்று உலகெங்கும் மக்கள் உண்மையாகவே சொல்லி வணங்குகின்றனர். ஏளனம் செய்தவர் வாயிலிருந்தே உண்மை வந்துவிட்டது.

ஏளனத்திற்கு விடை சொல்லும் வழியும் நற்செய்தியிலேயே இருக்கிறது. நாசரேத்தைப் போன்ற ஊரிலிருந்து நல்லது ஏதும் வரக்கூடுமா என்று நத்தனியேல் கேட்டார். பிலிப்பு கோபிக்கவுமில்லை, பதிலுக்குக் குத்தவுமில்லை. நேரில் வந்து பார்க்குமாறு அழைத்தார், அவ்வளவே. இயேசுவோ நத்தனியேலைக் கபடற்றவர் என்று பாராட்டினார்.

எங்கள் தோழி இப்போது காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிறாள். தமிழில் நான்கு நாள், ஆங்கிலத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாளுக்கான சொற்களை முதல் நாள் மாலையே எல்லாருமாக உரக்கச் சொல்லிப் பார்க்கிறோம். 'டிடர்மின்' என்பது இப்போது எங்கள் வகுப்பில் நாற்பது பேருக்கும் பாடம்!

அன்புத் தங்கையரே, கேலியும் கிண்டலும் இல்லாத பள்ளி உண்டா? உப்பில்லாத சோறு போலாகிவிடும். ஆயினும் ஒரு சொல்லை வாயிலிருந்து விடுமுன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அது வலியவரை நோக்கிப் போகிறதா, எளியவரை நோக்கிப் போகிறதா? சொன்ன பிறகு கேட்டவரும் சேர்ந்து சிரிப்பாரா? அவர் சிரித்தால், அந்தச் சிரிப்பு எந்த வகைச் சிரிப்பு? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்தால், அகராதி வேண்டியதில்லை. பக்கத்து இருக்கைத் தோழியின் முகமே போதும்.