ஸ்ரீவைகுண்டத்துச் சித்தி

“அக்கா, இந்தத் தடவை சித்தப்பா திதி, தோட்டம், மாடு என்று எதைச் சாக்குச் சொன்னாலும் கேட்காதே. அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து ரயிலேற்றி விடு” என்று சென்னையிலிருந்து சித்தி மகன் போனில் உத்தரவு போட்டு விட்டான். அவனுக்கு என்ன, உத்தரவு போட்டு விடலாம். போய்ச் சித்தியிடம் வாயைக் கொடுக்க வேண்டியவள் நானல்லவா!

திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். பஸ்ஸிலும் போகலாம். எனக்கு என்னவோ திருச்செந்தூர் ரயில்தான் பிடிக்கும். பாளையங்கோட்டை தாண்டியதும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வாழை, அந்தப் பக்கம் பனை என்று பார்த்துக்கொண்டே போகலாம். செய்துங்கநல்லூர், தாதன்குளம் என்று ஸ்டேஷன் பெயர்களைச் சொல்வதிலேயே ஒரு ருசி. அந்தப் பக்கத்தில்தான் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், பிறகு 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ என்ற வெள்ளைக்காரரும் தோண்டி, மண் தாழிகளாக எடுத்த பறம்பு. தாழிகளுக்குள் நெல் உமி கூட இருந்ததாம். சோற்றுக்கு அரிசி இல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது என்பது நம் ஊரில் அன்றைக்கே இருந்திருக்கிறது, பாருங்கள்.

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை. ஆற்றுக்குத் தென்கரையில் புதுக்குடி பக்கம் இருக்கிறது. ஊர் வடகரையில். சின்ன ஸ்டேஷன்தான். ஆனால் 2023 டிசம்பர் 17-ஆம் தேதி ராத்திரி அந்த ஸ்டேஷன் பட்டபாடு கொஞ்சமல்ல. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் அங்கேயே நின்றுவிட்டது. மேலே தண்டவாளத்துக்குக் கீழிருந்த ஜல்லியை எல்லாம் வெள்ளம் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலில் ஏறக்குறைய 800 பேர். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயசாளிகள். கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். மற்றவர்கள் பெட்டியிலேயே கிடந்தார்கள். 19-ஆம் தேதிதான் எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி ரயிலில் சென்னைக்கு அனுப்ப முடிந்தது. நடுவில் அவர்களுக்குச் சோறு போட்டது யார் தெரியுமா? புதுக்குடி ஜனங்கள். தங்கள் வீட்டிலும் வெள்ளம்தான். இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. வருஷம் பூராவும் பெய்யாத மழை ஒரு நாளில் கொட்டினால் ஆறு என்ன செய்யும்? டி.வி.யில் ஸ்டேஷன் பெயரைக் கேட்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. சித்திக்குப் போன் போட்டால் மணியே அடிக்கவில்லை. எழுபத்துநாலு வயது. தனிக்கட்டை. நாலாம் நாள்தான் குரலைக் கேட்டேன். “ஏட்டி, நான் இருக்கேன். அழாத. சார்ஜு போயிரும், வச்சிருதேன்” என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நேரில் போய்ப் பார்க்க எனக்கு இத்தனை நாளாயிற்று என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று. சரி, அது இருக்கட்டும்.

ஆட்டோவில் பாலத்தைத் தாண்டும்போது அணைக்கட்டைப் பார்த்தேன். பொதிகையில் புறப்படும் தாமிரபரணி புன்னக்காயலில் கடலில் விழுவதற்கு முன், அதை மறிக்கும் எட்டு அணைக்கட்டுகளில் இதுதான் கடைசி. 1870-களில் கட்டி முடித்தது. இங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிந்து போய்க் குளங்களை நிரப்பி வயலுக்குப் பாய்கின்றன. நூற்றைம்பது வருஷ மண் உள்ளே சேர்ந்து, தூர் வாரச் சொல்லி ஊர் ஜனங்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2015-இல் உத்தரவு வாங்கினார்கள். கரையோர முள்செடிகளில் பழைய வேட்டியும் சேலையும் பாலிதீன் பையுமாகத் தொங்கிக் கொண்டிருந்தன. பாபநாசத்தில் குளித்துவிட்டுப் பாவம் போகட்டும் என்று கட்டியிருந்த துணியை ஆற்றிலே விடுகிறவர்கள் இதை ஒருதரம் வந்து பார்க்க வேண்டும். பாவம் போகிறதோ என்னவோ, துணி எங்கும் போகவில்லை!

சித்தி வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக் கொண்டிருந்தாள். வெள்ளை அடித்த சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு செம்மண் கோடு. “அதுக்கு மேல ரெண்டு தரம் சுண்ணாம்பு அடிச்சாச்சு, போகமாட்டேங்கு. இருந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்” என்றாள்.

சித்தியும் பக்கத்து வீட்டுக்காரியும் மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். காரணம் திண்ணை. அவர்கள் வீட்டை இடித்துக் கட்டும்போது தளத்தை மூன்றடி உயர்த்தி, முற்றம் முழுக்க சிமெண்டு பூசிவிட்டார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. மழை பெய்தால் அவர்கள் முற்றத்துத் தண்ணீர் பூராவும் சித்தி வீட்டுக்குள்! சித்தி சும்மா இருப்பாளா? தெருவே கூடும்படி கேட்டுவிட்டாள். அவளும் பதிலுக்குக் கேட்டாள். அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“அன்னைக்கு ராத்திரி கட்டிலுக்குக் கீழ தண்ணி சளசளங்கு. எந்திரிச்சுக் காலை வச்சா முழங்கால் அளவு. கரெண்டு கிடையாது. கதவைத் தள்ளுதேன், திறக்கமாட்டேங்கு. அப்பதான் அவ புருஷனும் மகனும் வந்து கதவைப் பேத்து என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. எந்தத் திண்ணைக்குச் சண்டை போட்டேனோ அதே திண்ணையில உக்கார வச்சா. அப்புறம் அங்கேயும் தண்ணி ஏறி, மாடிக்குப் போனோம். பதினோரு பேரு, ரெண்டு ஆடு.”

“நீங்க என்ன பேசினீங்க சித்தி?”

“என்ன பேச? ‘ஆச்சி, மாத்திரை எடுத்தீயளா’ன்னு கேட்டா. எடுக்கலைன்னேன். திரும்பத் தண்ணிக்குள்ள அவ மகனை அனுப்பி எடுத்தாரச் சொன்னா. பிரஷர் மாத்திரை. டப்பாவுக்குள்ள இருந்ததால நனையலை.”

தண்ணீர் வடிந்த பிறகுதான் பெரிய வேலை என்று சித்தி சொன்னாள். வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. கிணற்றில் சாக்கடையும் கலந்துவிட்டது. அதை இரண்டு வீட்டாரும் சேர்ந்து மூன்று தடவை இறைத்து, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு ராத்திரி விட்டு, மறுபடி இறைத்தார்களாம். அப்புறமும் ஒரு மாதம் வரை கொதிக்க வைக்காமல் ஒருத்தரும் ஒரு வாய் குடிக்கவில்லை. அந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு வந்த வீடுகளில் இந்த இரண்டு வீடும் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் இதைக் குறித்து வைத்துக் கொள்ளலாம். வெள்ளம் ஸ்ரீவைகுண்டத்துக்கு மட்டும்தான் வரும் என்று எழுதியா வைத்திருக்கிறது?

வெளியூர்க்காரர்கள் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொடுத்த தண்ணீர் பாட்டிலும் ரொட்டிப் பாக்கெட்டும் உயிரைக் காப்பாற்றியது வாஸ்தவம். ஆனால் காலி பாட்டில்கள் வாய்க்காலை அடைத்துக் கொண்டன. சித்தி தெருப் பிள்ளைகளை விரட்டி ஏழு சாக்கு பாட்டில் பொறுக்கி எடைக்குப் போட்டாளாம். வந்த காசில் பிள்ளைகளுக்குச் சீனிமிட்டாய்.

சாயங்காலம் கள்ளபிரான் கோவிலுக்குப் போனோம். நவதிருப்பதியில் முதலாவது, சூரியனுக்குரியது என்பார்கள். பல ஊர்களில் பெருமாள் ஆதிசேஷன் மேல் படுத்திருந்தால், இங்கே அவன் குடை பிடிக்கப் பெருமாள் நிற்கிறார். கொள்ளையில் பாதியைச் சுவாமிக்குக் கொடுத்துவந்த திருடன் மாட்டிக்கொண்டபோது, பெருமாளே திருடன் வேஷத்தில் ராஜா முன்னால் போய் நின்றாராம். அதனால்தான் கள்ளபிரான். “நம்ம ஊர்ச் சாமி, ஆபத்துக்கு யாரு வேஷத்துலயும் வரும்” என்றாள் சித்தி. பக்கத்து வீட்டுக்காரியைத்தான் சொல்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் துளசியை வாயில் போட்டுக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

குமரகுருபரர் பிறந்த ஊரும் இதுதான். ஐந்து வயது வரை பேசாமல் இருந்த பிள்ளை, திருச்செந்தூரில் பேச்சு வந்து, பிறகு காசி வரை போய் மடம் கட்டினார். அதே ஊரில்தான் கோட்டைப் பிள்ளைமார் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மண்கோட்டைச் சுவரைத் தாண்டாமலே வாழ்ந்தார்கள். கமலா கணேஷ் என்ற அம்மையார் அவர்களைப் பற்றி ஆராய்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார். இப்போது அந்த வழக்கம் போய்விட்டது. ஒரே ஊர், பிள்ளை காசிக்குப் போகிறது, பெண் வாசலுக்கு வரவில்லை! இதைச் சொல்லிவிட்டு, “நீங்களும் கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் எப்படி? சென்னைக்கு வாங்க” என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

சித்தி நின்றாள். “அவங்களை வெளிய விடலை. என்னைய யாரும் அடைச்சு வைக்கலையே? நான் இருக்கேன்னுல்லா இருக்கேன். உன் தம்பி பிளாட்டுல நாலாவது மாடி. பக்கத்து வீட்ல யாருன்னு கேட்டேன் போன தடவை. தெரியாதுங்கான். அங்க தண்ணி வந்தா என் மாத்திரையை யாரு எடுத்தாருவா?”

எனக்குப் பதில் இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அடுத்த ஐப்பசியில் மறுபடி ஆறு பெருகாது என்று யார் சொல்ல முடியும்? அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம்: ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ராத்திரிப் படுக்கை பக்கத்து வீட்டு மாடியில், மாத்திரை, ரேஷன் கார்டு, பாஸ் புத்தகம் எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு அங்கேயே. பக்கத்து வீட்டுக்காரி சம்மதித்துவிட்டாள். தம்பிதான் போனில் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

அவர்கள் முற்றத்திலும் ஒரு மாறுதல். ஓரமாக இரண்டடி அகலத்துக்கு சிமெண்டைப் பெயர்த்து மண்ணைப் போட்டிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் அதில் இறங்கி, மிச்சம் சித்தியின் அடுக்களை வாழை மூட்டுக்குப் போகிறது. “நல்லதாப் போச்சே சித்தி” என்றேன்.

“நல்லதுதான். நாலடி உடைக்கச் சொன்னேன், ரெண்டடிதான் உடைச்சிருக்கா” என்றாள், சுவருக்கு அப்பால் கேட்கட்டும் என்றே சத்தமாக. அங்கிருந்து, “கேக்குதாச்சி, கேக்குது!” என்று பதில் வந்தது.

கிளம்பும்போது ஓலைப்பெட்டியில் கருப்பட்டியும், ஆத்தூர் வெற்றிலையும், தூக்குவாளியில் புளிக்காய்ச்சலும் கொடுத்தாள். ஊருக்கு வந்து நான்கு நாள் ஆகவில்லை, போன். சித்திக்கு உடம்புக்கு என்னவோ என்று பதறி எடுத்தேன்.

“ஏட்டி, தூக்குவாளி பக்கத்து வீட்டுக்காரியோடது. எப்ப அனுப்புதே?”